உபதேசியார் சொல்லாத வரி

காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரிக்‌ஷாக்காரரிடம் கோயிலுக்குப் போகணும் என்று சொன்னது என் முதல் தவறு. மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், சபை கூடும் தகரக் கொட்டகையை நாங்கள் கோயில் என்றே சொல்லிப் பழகியவர்கள். எந்தக் கோயில் என்று அவர் கேட்டார். பெரியது இல்லை, சின்னது என்றேன். அவர் ‘சின்ன’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் மிதித்தார். பெருமாள் கோயில் கோபுரத்துக்கு எதிரில் என்னையும் என் பெட்டியையும் இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இது இல்லை, ஏசு கோயில் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாதா கோயில்னு மொதல்லயே சொல்றதுதானப்பா, ஊரு முழுக்க கோயிலா இருக்குது, நான் எத்தினியப் பார்ப்பேன்" என்றார். வந்த வழியே திரும்பினோம். பாதி வழியில் சங்கிலி கழன்றது. அவர் குனிந்து அதை மாட்டும் வரை நான் வெயிலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு நின்றார்கள். எங்கள் தோட்டத்தில் தெலுங்குக்காரர்கள் உண்டு என்பதால் எனக்குப் புரிந்தது. ஒருத்தி தன் மருமகனைப் பற்றிச் சொன்னாள்: அவன் பெரிய கோபக்காரன், ஆனால் கோபத்திலும் நன்றாகச் சாப்பிடுகிறான். மற்றவள் அதுவே போதும் என்றாள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசி கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம். மகளின் கல்யாணத்துக்குப் பட்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லித்தான் கப்பல் ஏறினேன். அது பொய் இல்லை. ஆனால் அதற்காக மட்டும் கடல் தாண்டியிருக்கமாட்டேன். பினாங்குக் கடைகளிலேயே காஞ்சிபுரம் பட்டு கிடைக்கும்.

எங்கள் சபையில் என்னை, சபைக் காரியங்களைப் பார்க்கும் மூப்பராக்க நினைத்தார்கள். போதகர் என்னைத் தனியாக அழைத்து, விசுவாசத்தில் முதிர்ச்சி அடைந்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் ஐயா என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. தோட்டத்தில் ஒரு பால்மரம் முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க, அடிமரத்தைச் சுற்றி நாடா வைத்து அளப்போம். அளவு வந்தால் பால் எடுக்கக் கத்தி வைக்கலாம். நான் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. எத்தனையோ மரங்களை அளந்து எழுதியவன். என்னை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அது தேவசகாயம் உபதேசியார்தான் என்று நினைத்தேன்.

தேவசகாயம் காஞ்சிபுரத்துக்காரர். செங்குந்தர் நெசவுக் குடும்பத்தில் நடராசனாகப் பிறந்து, வாலிப வயதில் சபையில் சேர்ந்து, பிறகு மலாயாவுக்கு வந்தவர். எங்கள் தோட்டத்தில் பத்து வருஷம் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தார். என்னை விட இரண்டொரு வயதுதான் மூத்தவர். நான் சாமிக்கண்ணுவாக இருந்து சாமுவேலாக ஆனது அவரால். அவருடைய மனைவி சாராள் அங்கேயே இறந்தாள். அதன் பிறகு அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஒரு முறை அவர் கையால் என் தலையைத் தொட்டு ஜெபித்துவிட்டால், எனக்கு அந்தப் பதவியை ஏற்கத் தைரியம் வரும் என்று நம்பினேன்.

அவரைக் கோயிலில் காணவில்லை. கோயிலுக்குப் பின்னால் குடியிருந்த ஓர் அம்மாள், அவர் சாயப்பட்டறையில் இருப்பார் என்று வழி காட்டினாள். எனக்குப் புரியவில்லை. உபதேசியாருக்குப் பட்டறையில் என்ன வேலை?

கொதிக்கும் அண்டா முன்னால், கோலில் பட்டு நூலைத் தொங்கவிட்டு முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிவப்பு. என்னைப் பார்த்ததும் கோலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். கட்டிப்பிடிக்கக் கையை விரித்தவர், தன் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். என் வெள்ளைச் சட்டை போனால் போகிறது என்று நானே போய்க் கட்டிக்கொண்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி சாராளின் கல்லறையில் புல் வெட்டுகிறார்களா என்பது. நான்தான் வெட்டுகிறேன் என்றேன். 

அவர் ஓர் அறையில் தனியாக இருந்தார். அவரே சமைத்தார். அன்று கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். எங்கள் ஊரில் மீன் இல்லாத சாப்பாட்டை நாங்கள் சாப்பாடு என்று ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். நான் கொண்டுபோன பால்மாவு டின்னைத் திறந்து, முகர்ந்து பார்த்து, தோட்டத்து வாசனை என்று சொல்லிச் சிரித்தார்.

விளக்கு வைத்ததும் ஜெபம் செய்தோம். கடைசியில் பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொன்னோம். எனக்கு அந்த ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருடைய குரல் என் குரலுக்குக் கீழே, தரை போல, எப்போதும் இருக்கும். எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்ற வரி வந்தபோது தரை இல்லை. என் குரல் மட்டும் தனியாகப் போனது. அடுத்த வரியில் அவர் மறுபடியும் சேர்ந்துகொண்டார். தொண்டை அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜெபத்திலும் அதே இடத்தில் அதே மௌனம். அன்று அவர் கை பச்சையாக இருந்தது. மாலையில் பட்டறையிலிருந்து நடந்து வரும்போது நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மூப்பர் பதவி, போதகர் கேட்ட கேள்வி, அவருடைய ஜெபம் எனக்கு வேண்டும் என்பது எல்லாவற்றையும். அவர் நடந்துகொண்டே கேட்டார். பிறகு, தான் இப்போது பிரசங்கம் செய்வதில்லை, யார் தலையிலும் கை வைப்பதில்லை, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தும் எடுப்பதில்லை என்று, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

 ஏன் என்று கேட்டேன்.

"என் வாய்ல அந்த ஒரு வரி வரலப்பா சாமுவேலு. பொய்யா சொல்லக்கூடாதுன்னு உட்டுட்டேன். அத்தச் சொல்லாதவன் பந்தியில உக்காரக்கூடாது, மத்தவனுக்குப் பிரசங்கமும் பண்ணக்கூடாது" என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். இதே ஊரில் நான்கு தெரு தள்ளி அவருடைய அண்ணன் ஏகாம்பரம் இருக்கிறார், நெசவாளர். மலாயாவிலிருந்து திரும்பிய அன்று இவர் நேராக அந்த வீட்டுக்குத்தான் போனார். அம்மாவுக்கென்று ஒரு சால்வை கொண்டுபோயிருந்தார். அண்ணன் வாசலில் நின்றபடியே, அம்மா செத்து ஒரு வருஷம் ஆகிறது என்றார். ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, சொல்லத் தோன்றவில்லை என்றார். இவர் சால்வையோடு திரும்பிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே விசுவாசத்தில் முதிர்ந்தவர் இவர். இவரே ஒரு வரியில் நின்றுபோயிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக அந்த வரியை நான் தடங்கலில்லாமல் சொல்லி வருகிறேன். அதில் யாரையாவது நினைத்துச் சொன்னேனா என்றால், இல்லை. அப்படியானால் வளர்ந்தது யார், வளராதது யார்? இவர் பின்வாங்கிப் போனாரா, இல்லை, நான் இன்னும் போகாத ஓர் இடத்துக்குப் போய் நிற்கிறாரா? இரண்டுக்கும் ஒரே தோற்றம் இருப்பதுதான் என்னைக் குழப்பியது.

விடிந்தபோது ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தேன். அண்ணனைப் பார்த்துப் பேசி இருவரையும் சேர்த்துவைப்பது. மூப்பராகப் போகிறவன் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உபதேசியாரிடம், புடவை பார்க்கப் போகிறேன் என்றேன்.

ஏகாம்பரத்தின் தெருவில் எந்த வீட்டு முன்னால் நின்றாலும் தறிச் சத்தம். தெருவின் குறுக்கே, தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டப் பயந்து நான் நின்றபோது, குனிஞ்சு வாங்க ஐயா, ஒண்ணும் ஆவாது என்று ஒருவர் குரல் கொடுத்தார். அவர்தான் ஏகாம்பரம். உபதேசியாரின் முகமேதான், நெற்றியில் விபூதியோடு. பேச வாயெடுத்தவன் ஒரு நொடி தடுமாறினேன்.

கல்யாணப் புடவை வேண்டும், வெள்ளையாக வேண்டும் என்றேன். கல்யாணத்துக்கா என்று இரண்டு முறை கேட்டார். எங்கள் வழக்கம் அப்படி என்று விளக்கினேன். அவர் மனைவி மரகதம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பெண்ணுக்கு அம்மா இருக்கிறாளா என்று கவலையோடு விசாரித்தாள். நல்ல வேளையாக ஏகாம்பரத்தின் தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததே ஒரு பால்வெள்ளைப் புடவைதான். மெட்ராஸ் கடைக்காரர் ஒருவர் சொல்லிவைத்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றுவிட்டாராம். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. இன்னும் சில நாளில் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துவிடலாம், இருந்து வாங்கிப் போங்கள் என்றார்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள் மரகதம். மந்தாரை இலையில், மிளகும் சுக்கும் மணக்கும் தடித்த இட்லி. எங்கள் ஊர் இட்லியைப் போல அது குழித்தட்டில் வார்த்தது இல்லை. உருளைக் கூடையில் வேகவைத்துத் துண்டு போட்டது. நான் நான்காவது துண்டை எடுக்கும்போது ஏகாம்பரம் தறியிலிருந்தபடியே கேட்டார்.

"ஐயா பேச்சு மலாயாப் பேச்சா இருக்குதே. என் தம்பியத் தெரியுமா?"

மறைக்க எனக்கு வரவில்லை. அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன் என்றேன். அவர் தறியை நிறுத்திவிட்டார். தம்பி எப்படி இருக்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறானா, சாயத் தண்ணியில் நின்று நின்று காலில் புண் வந்ததாகச் சொன்னார்களே, ஆறிவிட்டதா என்று வரிசையாகக் கேட்டார். இத்தனை அக்கறை உள்ளவர் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன்.

அவர் மரகதத்தைப் பார்த்தார். அவள் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, தம்பிக்குத் தந்தி கொடுக்க அவர் தபால் ஆபீஸ் வரை போனார். அம்மா ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டாள். அவனுக்குச் சொல்லாதே, எனக்குப் பிள்ளை நீ ஒருத்தன்தான், மதம் மாறிப் போனவன் வந்து என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். இரண்டாம் நாள் இறந்துபோனாள்.

இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்பிடி சொல்றது ஐயா? அம்மா சொன்னதுன்னு தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான். எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும். நான் உசுரோடதான இருக்கேன். என்னிக்காவது வந்து என்னத் திட்டிட்டுப் போலாம். அம்மாவ எங்க போயித் திட்டுவான்?"

அவனிடம் சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள் என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கொடுத்தேன்.

திரும்பி நடக்கும்போது வழி தவறி ஏதோ குளக்கரைக்குப் போய்விட்டேன். அங்கேயே படியில் உட்கார்ந்தேன். தம்பிக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருக்கிற இந்த மனிதர் எங்கள் சபையில் இருந்திருந்தால், போதகர் என்னிடம் கேட்டதை இவரிடம் கேட்கவேண்டிய தேவையே இருந்திருக்காது. இவர் நெற்றியில் விபூதி இருக்கிறது. நான் படித்த பாடம் எதிலும் இவருக்கு இடம் இல்லை. வாக்கைக் காப்பாற்றினால் உபதேசியார் அந்த வரியிலேயே நின்றுபோவார். உடைத்தால், பெற்ற தாய் தன்னை வேண்டாம் என்று சொன்னதை நான் என் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டும். எது அன்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஜெபித்துப் பார்த்தேன். பதில் ஒன்றும் வரவில்லை; ஒரு மாடு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை, பெயர் சொல்லாமல் உள்ளூர்ப் போதகரிடம் யோசனை கேட்டேன். நல்ல மனிதர். ஆனால் அன்று அவர் கோயில் கூரையில் ஓடு மாற்றுகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காத்திருங்கள், கர்த்தர் வழி காட்டுவார் என்று சொல்லிவிட்டு, மேலே நின்றவரிடம் ஓட்டை அந்தப் பக்கம் அடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் அவர் நகக்கண்ணில் நீலம் இருந்தது. கோயில் முழுக்க அந்த ஜெபத்தைச் சொன்னது. அந்த வரி வந்தது. அவர் உதடு மூடியது. நூறு பேர் சொல்லும் சத்தத்தில் ஒருவர் சொல்லாததை யார் கவனிக்கப்போகிறார்கள்? நான் கவனித்தேன். அந்தக் கவனத்தில் எனக்கே வரி தவறிப்போய், மற்றவர்கள் முடித்த பிறகு நான் மட்டும் எங்கோ நடுவில் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது அவர் உட்கார்ந்தே இருந்தார். போவதா இருப்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பாதி எழுந்து நின்றேன். அவர்தான், போ என்று கண்ணைக் காட்டினார். போய் வாங்கினேன். அதன் ருசியே தெரியவில்லை.

புடவை தயாரானது. மரகதம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, துணியில் சுற்றிக் கொடுத்தாள். வெள்ளையாக இருக்கிறதே, குழந்தைக்குக் கண்ணு படக்கூடாது என்று முந்தானை ஓரத்தில் ஒரு துளி மஞ்சளைத் தடவியிருந்தாள். அதை நான் துடைக்கவில்லை.

நான் உபதேசியாரிடம் அதைக் காட்டாமல் பெட்டியில் வைக்கப் பார்த்தேன். அவர் வாங்கிப் பிரித்தார். கரை புடவையோடு சேரும் இடத்தைக் கட்டை விரலால் நெடுகத் தடவிக்கொண்டே போனார்.

"இங்க நூல கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிருக்கான். எங்கப்பாவும் அப்படித்தான் புடிப்பாரு. அவன் வீட்டுக்குத்தான் போனியா?"

ஆமாம் என்றேன். சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றேன். அம்மாவைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். நான் புடவையைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றேன். உபதேசியாரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

அவர் அதை நம்பவில்லை. நம்பாதது போலக் காட்டிக்கொள்ளவும் இல்லை. புடவையை மடித்தபடியே, அவன் சொல்லமாட்டான், எனக்குத் தெரியும் என்றார். பிறகு, பக்கத்து ஊரான கூரத்தில் இருக்கும் தன் சித்தி எல்லாவற்றையும் எப்போதோ சொல்லிவிட்டாள் என்றார். தந்தி கொடுக்கப் போனது, அம்மா திரும்பக் கூப்பிட்டது, சத்தியம் வாங்கியது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்த ஆறாம் மாதத்திலேயே.

அப்படியானால் அண்ணனை ஏன் மன்னிக்கமுடியவில்லை என்று கேட்டேன்.

"அண்ணன் மேல எனக்கு என்னப்பா இருக்குது? அம்மாதான் எனக்கு. அம்மாவ மன்னிக்கிறேன்னு சொல்லணும்னா, அவங்க தப்பு பண்ணாங்கன்னு மொதல்ல சொல்லணும் இல்ல? அத்த என் வாயால எப்படி சொல்றது?"

ஊர் கேட்டால் அண்ணன் மேல் கோபம் என்று விட்டுவிடுவது சுலபம், அண்ணன் தம்பிச் சண்டை யாருக்கும் புரியும் என்றார். அண்ணனிடம் போய்த் தனக்குத் தெரியும் என்று சொன்னால், அம்மாவின் மானத்தை இத்தனை காலம் கட்டிக் காத்தவன் உடைந்துபோவான். அதனால் போவதில்லை. நீயும் சொல்லிவிடாதே என்றார். மறுபடியும் ஒரு வாக்கு. மறுபடியும் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆக, உண்மை இரண்டு பேருக்கும் தெரியும். தம்பிக்குத் தெரியாது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார்; தெரியும் என்பதைத் தம்பி மறைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவனைக் காப்பாற்ற ஒருவன் நான்கு தெரு தள்ளி வாழ்கிறான். இது முழுதும் தெரிந்த ஒரே ஆள், அளவு பார்த்துக்கொள்ள வந்த நான். அப்போது எனக்கு வந்த எண்ணம் உயர்ந்தது ஒன்றும் இல்லை. சீக்கிரம் கப்பலில் ஏறிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

புறப்படும் நாள், உபதேசியார் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னை பஸ்ஸுக்குக் கொண்டுவிட வந்தார். பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் தெருமுனை வரை வந்து, நான் இங்கேயே நிற்கிறேன், நீ போய் வா என்றார்.

மரகதம் வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். ஏகாம்பரம் வழியனுப்ப என்னோடு நடந்து வந்தார். தெருமுனையில் தம்பி நிற்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டார். திரும்பியதும் இரண்டு பேரும் எதிரெதிரே. தேவசகாயம் குனிந்து பெட்டியின் கைப்பிடியைச் சரிசெய்தார். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார்.  அப்படியே கலைந்துபோயிருப்பார்கள். அவர்கள் கலையப்போகிறார்கள் என்பதைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

"அம்மா சொன்னது ரெண்டு பேருக்கும் தெரியும். உபதேசியாரே, உங்க அண்ணன் உங்களுக்காக மறைக்கிறாரு. ஏகாம்பரம் ஐயா, உங்க தம்பி உங்களுக்காக மறைக்கிறாரு. இதுல மறைக்கிறதுக்கு யாருமே மிச்சமில்ல."

யோசித்துச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

நான் எதிர்பார்த்தது என்ன? கட்டிக்கொள்வார்கள் என்றா? இரண்டு பேரும் என்மேல் பாய்ந்தார்கள். கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தீர்களே, இதுதான் உங்கள் வேதத்தில் சொல்லியிருக்கிறதா என்று ஏகாம்பரம் கேட்டார்.  உபதேசியாரின் முகம் நான் பார்த்தே இராத முகமாக இருந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். என்னை எப்போதும் நீ என்று கூப்பிடுகிறவர், அன்று மாற்றிக் கூப்பிட்டார்.

"எங்கம்மாவப் பத்தித் தெருவுல நின்னு பேசறதுக்கு நீங்க யாருங்க?"

எங்கம்மா என்று அவர் சொன்னதும் ஏகாம்பரம் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஏகாம்பரம் மெதுவாக, "தெரு பார்க்குது நடராசா. உள்ள வந்து பேசு" என்றார்.

 தேவசகாயம் அண்ணன் பின்னால் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். கதவு சாத்திக்கொண்டது.

நான் பெட்டியோடு தெருவில் நின்றேன். உள்ளே இரண்டு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கேட்டன. எதையோ கீழே போட்ட சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பஸ் போயிருக்கும் என்று தெரிந்தும் நின்றேன். கடைசியில் மரகதம் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள்.

"நீங்க கெளம்புங்கண்ணா. அவங்க இப்பத்திக்கி வரமாட்டாங்க. ரெண்டு பேரும் உக்காந்து அழுதுக்கினு இருக்காங்க" என்றாள்.

உபதேசியார் ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். என்மேல் இன்னும் கோபமா என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, இருக்குது என்றாள்.

அடுத்த பஸ்ஸில் பின் சீட்டு கிடைத்தது. எனக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒருவர் இரண்டு மூட்டை வெங்காயத்தை வைத்திருந்தார். நான் எதற்காக வந்தேனோ அது நடக்கவில்லை. என் தலையில் யாரும் கை வைக்கவில்லை. விடைகூடப் பெற்றுக்கொள்ளாமல் வந்திருக்கிறேன். ஒரே வாரத்தில் ஒரு பொய் சொல்லி, இரண்டு வாக்குகளை உடைத்திருக்கிறேன். அதனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து அழுகிறார்கள். அது ஆறிவரும் அழுகையா, இன்னும் ஆழமாய் அறுக்கும் அழுகையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. உபதேசியார் இனி அந்த வரியைச் சொல்வாரா என்பதும் தெரியாது. அதில் மன்னிக்க வேண்டியவர்கள் பட்டியலில் இன்றைக்கு ஒரு பேரை நான் கூட்டிவைத்துவிட்டு வந்திருக்கிறேன், என் பேரை.

ஊரைத் தாண்டி வயல்கள் வந்ததும் கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தேன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று பிடிபடவில்லை. நன்றி என்று ஆரம்பித்தால் மன்னியும் என்று வந்து நின்றது. மன்னியும் என்று ஆரம்பித்தால் நன்றியில் போய் முடிந்தது. எங்கள் சபையில் என்னைப் போல வரிசையாக, அழகாக ஜெபம் பண்ண ஆள் இல்லை என்று சொல்வார்கள். அன்று எனக்கு ஒரு வாக்கியம்கூட நேராக வரவில்லை. பஸ் குலுங்கிய குலுக்கலில் இரண்டையும் சேர்த்தே முணுமுணுத்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார் வெங்காயக்காரர். தெரியலைங்க என்றேன். அவர் ஒரு மூட்டையைத் தன் மடிமேல் ஏற்றிக்கொண்டு, காற்று வர எனக்குச் சன்னலோரம் இடம் விட்டார்.